எல்லை வரைதான் டிக்கெட்

தென்கிழக்கு ஐரோப்பாவின் ரயில் வரைபடத்தை விரித்துப் பார்த்தால் பெல்கிரேடிலிருந்து எல்லாத் திசைக்கும் தண்டவாளம் போகிறது. வடக்கே புடாபெஸ்ட், மேற்கே ஸாக்ரெப், கிழக்கே சோஃபியா, தெற்கே ஸ்கோப்யே, அதையும் தாண்டித் தெசலோனிக்கி. வரைபடம் பொய் சொல்லவில்லை, தண்டவாளம் இருக்கிறது. ஆனால் 2020 மார்ச்சில் கொரோனாவைக் காரணம் காட்டி நிறுத்தப்பட்ட எல்லை தாண்டும் ரயில்களில் பல திரும்பி வரவில்லை. அதன் பிறகு பல ஆண்டுகளுக்கு, பெல்கிரேடில் ஏறி, வழியில் மாறாமல் இன்னொரு நாட்டின் தலைநகரில் போய் இறங்க ஒரே ஒரு ரயில்தான் மிஞ்சியிருந்தது. மொண்டெனேக்ரோவின் போத்கொரித்சா வழியாக அத்ரியாட்டிக் கடற்கரை ஊரான பாருக்குப் போகும் ரயில் அது.

அந்தப் பக்கம் ரயிலில் சுற்ற நினைக்கும் தமிழர்கள் இதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, பிரான்ஸ் நாடுகளில் குடியேறியவர்கள் கோடை விடுமுறைக்குப் போகிறார்கள். இங்கிருந்தும் யூரெயில் பாஸ் வாங்கிக்கொண்டு கிளம்புகிறார்கள். பாஸ் 33 நாடுகளில் செல்லும். செர்பியா, போஸ்னியா, மொண்டெனேக்ரோ, வடக்கு மாசிடோனியா, கிரீஸ், துருக்கி எல்லாம் பட்டியலில் உண்டு. அல்பேனியாவும் கொசோவோவும் இல்லை. பட்டியலில் இருக்கும் இரண்டு பக்கத்து நாடுகளுக்கு நடுவே ரயில் ஓடுகிறதா என்பது வேறு கேள்வி. அதற்கு அந்தப் பாஸ் பொறுப்பேற்பதில்லை. பணமும் விடுமுறை நாட்களும் வீணாவது பெரும்பாலும் இந்த ஒரு குழப்பத்தில்தான் தொடங்குகிறது.

ஏன் இப்படி ஆனது என்று புரிந்துகொண்டால் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்பதும் பிடிபடும். யூகோஸ்லாவியா என்ற நாடு இருந்தவரை, மேற்கே லியுப்லியானாவிலிருந்து தெற்கே ஸ்கோப்யே வரை ரயில் ஒரே நாட்டுக்குள் ஓடியது. 1990களில் நாடு உடைந்தபோது ரயில்வேயும் துண்டு துண்டானது. போஸ்னியா என்ற ஒரே சிறு நாட்டுக்குள் இன்று இரண்டு ரயில்வே நிறுவனங்கள் இயங்குகின்றன. எல்லை தாண்டி ஒரு ரயில் ஓட வேண்டுமானால் இரு பக்கத்து நிர்வாகமும் பெட்டிக்கும் இன்ஜினுக்கும் செலவுக்கும் ஒத்துப்போக வேண்டும். எல்லை நிலையத்தில் பெரும்பாலும் இன்ஜின் மாறும், ஓட்டுநர் மாறுவார், டிக்கெட் பரிசோதகர் மாறுவார். ஒரு பக்கம் நட்டக்கணக்கு காட்டினாலே ரயில் நின்றுவிடும். உள்ளூர் ரயிலை நிறுத்தினால் அந்தத் தொகுதி மக்கள் கேள்வி கேட்பார்கள். எல்லை தாண்டும் ரயிலில் போகிறவர்கள் எந்தத் தொகுதிக்கும் சொந்தமில்லாதவர்கள். அவர்களுக்காகக் குரல் கொடுக்க ஆளில்லை. பணமுடை, பழுதுபார்ப்பு, நோய்த்தொற்று என்று எந்தக் காரணம் வந்தாலும் முதலில் வெட்டுப்படுவது அந்த ரயில்தான்.

சாரயேவோவைப் பாருங்கள். 1984-ல் குளிர்கால ஒலிம்பிக்ஸ் நடத்திய நகரம். பெல்கிரேடுடனான நேர் ரயில் போருக்குப் பிறகு 2009 டிசம்பரில் மீண்டும் ஓடத் தொடங்கி, 2012-ல் நின்றது. ஸாக்ரெபுக்கான ரயில் 2016 டிசம்பரோடு நின்றது. 2022 கோடையில் குரோவேஷியத் துறைமுகமான ப்ளோச்சே வரை ஒரு ரயிலை மீண்டும் விட்டார்கள். அதுவும் கோடைக்கால ரயில். நெரெத்வா ஆற்றங்கரையோரமாக சாரயேவோவிலிருந்து மொஸ்தாருக்குப் போகும் பாதை அழகில் யாரையும் ஏமாற்றாது, நம்பிப் போகலாம். ஆனால் அது உள்நாட்டுப் பயணம். போஸ்னியாவுக்குள் நுழைவதற்கும் வெளியேறுவதற்கும் பேருந்துதான் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுவதே நல்லது.

கிரீஸ் கதை இன்னும் கசப்பானது. கடன் நெருக்கடியில் சிக்கிய அந்த நாடு 2011 பிப்ரவரியில் தன் சர்வதேச ரயில்கள் அத்தனையையும் ஒரேயடியாக நிறுத்தியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் உறுப்பு நாடு ஒன்று, பக்கத்து நாடுகளோடு பயணி ரயில் தொடர்பே இல்லாமல் மூன்றாண்டுகளுக்கு மேல் இருந்தது. 2014 மேயில் சில ரயில்கள் திரும்பின, 2020-ல் மறுபடி நின்றன. தெசலோனிக்கிக்கும் ஸ்கோப்யேவுக்கும் நடுவே சுமார் 240 கி.மீ.தான். இடையில் கிரேக்கப் பக்கம் இதோமெனி, மாசிடோனியப் பக்கம் கெவ்கேலியா என்று இரண்டு எல்லை நிலையங்கள் நேருக்கு நேர் இருக்கின்றன. பயணிகளைப் பேருந்துதான் சுமக்கிறது.

அல்பேனியாவைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஷ்கோதரிலிருந்து மொண்டெனேக்ரோவுக்கு 1986-ல் போட்ட பாதை சரக்கு ரயிலுக்கு மட்டுமே பயன்பட்டது. திரானாவின் ரயில் நிலையத்தை 2013-ல் மூடி இடித்துவிட்டார்கள்.

இதற்கு மாறாக, போன ரயில் திரும்பி வந்த இடங்களும் உண்டு. ஹங்கேரியின் செகெத் நகருக்கும் செர்பியாவின் சுபோதித்சாவுக்கும் இடையிலான சிறு பாதை அப்படி ஒன்று. 2015-ல் அகதிகள் ரோஸ்கே அருகே அந்தத் தண்டவாளத்தின் மேலேயே நடந்து ஹங்கேரிக்குள் வந்தார்கள். செப்டம்பரில், எல்லை வேலியில் ரயில்பாதைக்காக விட்டிருந்த இடைவெளியை, முள்கம்பி பொருத்திய ரயில் பெட்டி ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்து ஹங்கேரி அரசு அடைத்தது. அந்தப் பாதையில் மறுபடி பயணி ரயில் ஓட 2023 நவம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பெரிய பாதை திருத்தி அமைக்கப்பட்டதால் புடாபெஸ்ட்–பெல்கிரேட் நேர் ரயில் இல்லாத காலத்தில், இரண்டு தலைநகரங்களுக்கும் நடுவே ரயிலிலேயே போக நினைத்தவர்களுக்குக் கைகொடுத்தது இந்தச் சின்ன ரயில்தான். செகெத்தில் ஒரு மாற்றம், சுபோதித்சாவில் ஒரு மாற்றம், நடுவே இரண்டு நாட்டுப் பாஸ்போர்ட் சோதனை.

பெரிய பாதையில் பெல்கிரேட்–நோவி சாத் பகுதி 2022 மார்ச்சில் திறந்தது, மணிக்கு 200 கி.மீ. வேகம். சுபோதித்சா வரையிலான மீதி 2025 அக்டோபரில் திறந்தது. ஆனால் முழுப் பாதைக்கும் அறிவித்த தேதிகள் பலமுறை தள்ளிப்போனதைப் பார்த்தவர்கள் அறிவிப்பை நம்பி ஓட்டல் பதிவு செய்ய மாட்டார்கள். புதுப்பித்ததெல்லாம் பத்திரமானது என்றும் எண்ண வேண்டாம். அதே பாதையில், சீரமைப்பு முடித்துத் திறந்த நோவி சாத் நிலையத்தின் முகப்பில் இருந்த கான்கிரீட் கூரை 2024 நவம்பர் 1 அன்று பகல் நேரத்தில் இடிந்து விழுந்தது. 14 பேர் அன்றே இறந்தார்கள். பின்னர் எண்ணிக்கை 16 ஆனது. அதன் பின் எழுந்த போராட்டங்களில் செர்பியப் பிரதமர் பதவி விலக நேர்ந்தது.

இனி, உண்மையிலேயே ஓடும் ரயிலுக்கு வருவோம். எல்லைச் சோதனை எப்படி நடக்கும் என்று தெரியாமல் ஏறினால் இங்கேயும் அவதிதான். சோஃபியா–இஸ்தான்புல் இரவு ரயில் இதற்கு நல்ல உதாரணம். பாரிசிலிருந்து ஓடிய நேரடி ஓரியன்ட் எக்ஸ்பிரஸ் 1977 மேயில் நின்ற பிறகு, அந்தப் பழைய தடத்தின் கடைசிப் பகுதியில் மிஞ்சியிருக்கும் ரயில் என்று இதைச் சொல்லலாம். ஆனால் இது இஸ்தான்புல்லின் நடுவில் இருக்கும் சிர்கெஜி நிலையத்துக்குப் போவதில்லை. நகர மையத்திலிருந்து சுமார் 25 கி.மீ. தள்ளி, ஹல்கலி என்ற புறநகர் நிலையத்தோடு நின்றுவிடும். அங்கிருந்து மர்மராய் மின்ரயில் பிடிக்க வேண்டும். உணவுப் பெட்டி கிடையாது. தண்ணீரும் சாப்பாடும் கையோடு கொண்டுபோக வேண்டும்.

துருக்கி எல்லையில் கபிகுலே. ரயில் அங்கே நிற்கும்போது நள்ளிரவு தாண்டியிருக்கும். பெட்டிக்குள் படுத்திருப்பவரிடம் அதிகாரி வந்து முத்திரை குத்திவிட்டுப் போவார் என்று நினைத்தால் தவறு. எல்லோரும் இறங்க வேண்டும். நடைமேடையில் இருக்கும் பாஸ்போர்ட் சாளரத்தில் வரிசை. குளிர்காலமானால் அந்தத் திறந்த நடைமேடையில் நிற்கத் தனியாக ஒரு ஸ்வெட்டரைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருக்க வேண்டும். பிறகு பெட்டி படுக்கையைத் தூக்கிக்கொண்டு போய் ஸ்கேனர் வழியாக அனுப்ப வேண்டும். முதியவர்களோடும் கைக்குழந்தையோடும் போகிறவர்கள் இதை மனத்தில் வைத்துச் சாமான்களைக் குறைத்துக்கொள்வது நல்லது. அதற்குக் கொஞ்சம் முன்பே பல்கேரியப் பக்கம் ஸ்விலென்கிராடில் ஒரு சோதனை நடந்திருக்கும். இரண்டும் சேர்ந்து இரவின் தூக்கத்தை விழுங்கிவிடும். மறுநாள் காலை முக்கியமான வேலை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

இந்த ரயிலுக்கான டிக்கெட்டை நெடுங்காலமாகவே நிலையத்துக்கு நேரில் போய்ச் சர்வதேசக் கவுன்ட்டரில்தான் வாங்க முடிந்திருக்கிறது. கோடையில் படுக்கைகள் முன்கூட்டியே தீர்ந்துபோகும். பாஸ் இருந்தாலும் படுக்கைக்குத் தனிக் கட்டணம்.

நேர மாற்றத்தில் சறுக்குகிறவர்கள் அதிகம். செர்பியா, ஹங்கேரி, வடக்கு மாசிடோனியா ஆகியவை மத்திய ஐரோப்பிய நேரத்தில் இருக்கின்றன. ருமேனியா, பல்கேரியா, கிரீஸ் ஒரு மணி நேரம் முன்னால். இது ஆண்டு முழுவதும் மாறாது. துருக்கி விஷயம் வேறு. 2016 முதல் துருக்கி கடிகாரத்தை மாற்றுவதே இல்லை. கோடையில் பல்கேரிய நேரமும் துருக்கி நேரமும் ஒன்றாகவே இருக்கும். குளிர்காலத்தில் துருக்கி ஒரு மணி நேரம் முன்னால் போய்விடும். கால அட்டவணையில் எழுதியிருப்பது அந்தந்த நிலையத்தின் உள்ளூர் நேரம். சிம் கார்டு எல்லை கோபுரத்தைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் தாவும் இடங்களில் கைபேசி காட்டும் நேரத்தை நம்பி இணைப்பு ரயிலைத் தவறவிட வாய்ப்புண்டு.

ஊர்ப் பெயரிலும் ஒரு பொறி இருக்கிறது. செர்பியாவின் பல்கேரிய எல்லை நிலையத்தின் பெயர் திமித்ரோவ்கிராட். பல்கேரியாவில், துருக்கி எல்லைக்குப் போகும் வழியில் இருக்கும் சந்திப்பு நிலையத்தின் பெயரும் திமித்ரோவ்கிராட். இரண்டும் பல்கேரியக் கம்யூனிஸ்ட் தலைவர் கியோர்கி திமித்ரோவின் பெயரைத் தாங்கியவை. பெல்கிரேடிலிருந்து இஸ்தான்புல் போகும் பழைய தடத்தில்தான் இரண்டும் இருக்கின்றன; இடைவெளி 250 கி.மீ.க்கு மேல். இணையத்தில் தேடும்போதும் கவுன்ட்டரில் கேட்கும்போதும் நாட்டின் பெயரையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் வேறு ஊருக்கு டிக்கெட் கையில் வரும். செர்பிய, பல்கேரிய, மாசிடோனிய நிலையங்களில் பெயர்ப்பலகை சிரிலிக் எழுத்தில் இருப்பது வழக்கம். போக வேண்டிய ஊரின் பெயரை அந்த எழுத்தில் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வது பெரிய உதவி.

இவற்றையெல்லாம் விடக் கவனமாக இருக்க வேண்டியது விசாவில். ஷெங்கன் எல்லை கடந்த சில ஆண்டுகளில் வேகமாக நகர்ந்திருக்கிறது. குரோவேஷியா 2023 ஜனவரி 1 அன்று சேர்ந்தது. ருமேனியாவும் பல்கேரியாவும் தரைவழி எல்லைக்கும் சேர்த்து முழுமையாக இணைந்தது 2025 ஜனவரி 1 முதல். ஆகவே புடாபெஸ்டிலிருந்து புக்கரெஸ்ட் வழியாக சோஃபியா வரை இப்போது ஷெங்கனுக்கு உள்ளேயே வரலாம். ஆனால் நடுவில் செர்பியாவுக்குள் ஒரு நாள் எட்டிப் பார்த்தாலும் ஷெங்கனை விட்டு வெளியேறியதாகவே கணக்கு. கையில் இருப்பது ஒருமுறை நுழைவு விசா என்றால், சுபோதித்சாவில் காலை வைத்த பிறகு செகெத்துக்குத் திரும்ப முடியாது. விமான டிக்கெட் புடாபெஸ்டிலிருந்து பதிவாகியிருந்தாலும் எல்லைக் காவலருக்கு அது பொருட்டில்லை.

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா இல்லாமல் 30 நாள் அனுமதித்துவந்த செர்பியா, ஐரோப்பிய ஒன்றியத்தின் அழுத்தத்துக்குப் பிறகு 2023 ஜனவரி 1 முதல் அந்தச் சலுகையை எடுத்துவிட்டது. பழைய பயணக் கட்டுரைகளில் ‘இந்தியர்களுக்கு விசா தேவையில்லை’ என்று இன்னும் இருக்கும். அதைப் படித்துவிட்டுக் கிளம்ப வேண்டாம். செல்லுபடியாகும் ஷெங்கன் விசா இருப்பவர்களைப் பால்கன் நாடுகள் பல தனி விசா இல்லாமல் அனுமதிக்கின்றன என்பது உண்மை. ஆனால் பலமுறை நுழைவா, எத்தனை நாள், குடியிருப்பு அட்டை போதுமா என்ற நிபந்தனைகள் நாட்டுக்கு நாடு வேறு. ஐரோப்பாவில் ஏதிலிப் பயண ஆவணத்தோடு வாழும் ஈழத்தமிழர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். தன் நாட்டில் அந்த ஆவணம் எவ்வளவு வலுவானதாக இருந்தாலும், அடுத்த நாடு அதை ஏற்குமா என்பதை அந்தந்தத் தூதரகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ரயிலில் எல்லைச் சோதனை நடப்பது பெரும்பாலும் ஒதுக்குப்புறமான நிலையத்தில். அங்கே இறக்கிவிட்டால் உதவிக்கு யாரும் அருகில் இருக்க மாட்டார்கள்.

கொசோவோ பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். செர்பியா அதைத் தன் பகுதியாகவே கருதுகிறது. வேறொரு நாட்டிலிருந்து நேராகக் கொசோவோவுக்குள் போய், அங்கிருந்து செர்பியாவுக்குள் நுழைந்தால் சட்டவிரோத நுழைவு என்று செர்பிய அதிகாரிகள் எடுத்துக்கொள்ளக்கூடும். ரயில்கூட அங்கே அரசியல்தான். 2017 ஜனவரியில், ‘கொசோவோ செர்பியாவுடையது’ என்று பல மொழிகளில் எழுதிய ரயில் ஒன்று பெல்கிரேடிலிருந்து மித்ரோவித்சாவை நோக்கிக் கிளம்பியது. மோதல் வரும் என்ற அச்சத்தில் அதை எல்லைக்கு முன்னால் ராஷ்காவிலேயே நிறுத்தினார்கள்.

பாதுகாப்பை எடுத்துக்கொண்டால், பெல்கிரேட்–பார் பாதையைப் பற்றிப் பயண இதழ்கள் எழுதாத நாளில்லை. 1976 மேயில் திறந்த 476 கி.மீ. பாதை, 254 சுரங்கங்கள், 435 பாலங்கள். மாலா ரியெகா பாலம் ஏறக்குறைய 200 மீட்டர் உயரம். அழகு உண்மை. ஆனால் தொடக்கக் காலத்தில் சுமார் 7 மணி நேரத்தில் கடந்த தூரத்துக்கு இன்று 11, 12 மணி நேரம் ஆகிறது. தேய்ந்த பாதையில் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்ததன் விளைவு. 2006 ஜனவரியில் இதே பாதையில் பியோசே அருகே பிரேக் பிடிக்காமல் உள்ளூர் ரயில் ஒன்று பள்ளத்தில் விழுந்து 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பாதையின் ஒரு சிறு பகுதி, சுமார் 9 கி.மீ., போஸ்னிய மண்ணில் போகிறது. 1993 பிப்ரவரியில் அங்கே ஷ்த்ர்ப்சி நிலையத்தில் ஆயுதக் குழு ஒன்று ரயிலை நிறுத்தி, பெயரைப் பார்த்து 20 பயணிகளை இறக்கிக் கொண்டுபோய்க் கொன்றது. இன்று அந்த ஆபத்து இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து கடப்பவர்கள் அதை அறிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

கிரீசில் 2023 பிப்ரவரி 28 இரவு தெம்பி பள்ளத்தாக்கில் பயணி ரயிலும் சரக்கு ரயிலும் ஒரே தடத்தில் பன்னிரண்டு நிமிடம் எதிரெதிரே ஓடி மோதின. 57 பேர் இறந்தார்கள். விடுமுறை முடிந்து திரும்பிய மாணவர்கள் பலர். லாரிசா ஸ்டேஷன் மாஸ்டர் தவறான தடத்தில் அனுப்பினார் என்பது உண்மை. ஆனால் அந்தத் தவறைப் பிடித்திருக்கக்கூடிய சிக்னல், தொலைக்கட்டுப்பாட்டு வேலைக்கு 2014-லேயே ஒப்பந்தம் போட்டும் முடிக்காமல் கிடந்தது. அது நாட்டின் முதன்மைப் பாதை. கவனிப்பாரற்ற எல்லைக் கிளைகளில் நிலை அதைவிட மேலாக இருக்கும் என்று நான் நம்பவில்லை. ருமேனியாவில் ஜியுர்ஜியுவிலிருந்து புக்கரெஸ்ட் போகும் நேர்பாதையில் கிரடிஷ்தியா பாலம் 2005 ஆகஸ்டில் வெள்ளத்தில் இடிந்தது. அதன்பின் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக சோஃபியா, இஸ்தான்புல் ரயில்கள் சுற்றுப்பாதையில்தான் போய்வந்தன.

தாமதமானால் இழப்பீடு கிடைக்குமா? ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 60 நிமிடத் தாமதத்துக்குக் கட்டணத்தில் 25 சதவீதம், 120 நிமிடத்துக்கு 50 சதவீதம் என்று விதி உண்டு. இணைப்பு ரயில் தவறினால் அடுத்ததில் அனுப்பும் கடமையும் உண்டு, ஆனால் முழுப் பயணத்துக்கும் ஒரே டிக்கெட்டாக வாங்கியிருந்தால்தான். இந்தப் பகுதியில் எல்லை வரை ஒன்று, எல்லைக்கு அப்பால் இன்னொன்று என்று தனித்தனி டிக்கெட்டாகவே பெரும்பாலும் அமைகிறது. அப்படி வாங்கினால் முதல் ரயில் தாமதமாகி இரண்டாவது போய்விட்டாலும் இரண்டு நிர்வாகமும் கைவிரித்துவிடும். செர்பியாவும் போஸ்னியாவும் வடக்கு மாசிடோனியாவும் ஒன்றியத்துக்கு வெளியே இருப்பவை. அங்கே இந்த விதியைக் காட்டி வாதாட முடியாது. ஒரே ரயில்வே நாடு முழுக்க ஓடும் இந்தியாவில் பழகியவர்களுக்கு இது புரியக் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

இத்தனைக்கும் பிறகு போக வேண்டாம் என்று சொல்லவில்லை. போகும் முன், எல்லையை ஒட்டிய இரு நாட்டு ரயில்வேயின் இணையதளத்திலும் அந்தக் குறிப்பிட்ட தேதிக்கு ரயில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றில் இருந்து மற்றதில் இல்லையென்றால் இல்லை என்றே முடிவு செய்யுங்கள். கால அட்டவணை ஒவ்வொரு டிசம்பர் நடுவிலும் மாறும்; போன ஆண்டு நண்பர் போன ரயில் இந்த ஆண்டு இருக்க வேண்டியதில்லை. எந்த நிலையத்திலிருந்து கிளம்புகிறது என்பதையும் பாருங்கள். பெல்கிரேடின் பழைய முதன்மை நிலையம் 2018-ல் மூடப்பட்ட பின், பார் ரயில் நகரின் ஓரத்தில் இருக்கும் தொப்சிதெரிலிருந்து கிளம்பிய காலமும் உண்டு. எல்லை தாண்டும் நாளன்று விமானம் வைக்காதீர்கள். இரு நாட்டுக் காசும் கொஞ்சம் கையில் இருக்கட்டும். ஒவ்வொரு எல்லைக்கும், ரயில் வராவிட்டால் ஏற வேண்டிய பேருந்தின் நேரத்தையும் அது நிற்கும் இடத்தையும் முதலிலேயே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பல ஊர்களில் கடைசிப் பேருந்து மாலையிலேயே போய்விடும்.